‘மேலே சொல்லியாச்சு’ என்றால் போதுமா?

கேள்வி: பதினான்கு வருடமாகப் பென்சில்வேனியாவில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது. வரும் கோடையில், அவன் படிக்கும் பல்கலைக்கழகம் சிறுவர்களுக்கு நடத்தும் கூடைப்பந்து முகாமில் சம்பளத்துக்கு உதவியாளராகச் சேர்கிறான். போன வாரம் சாப்பிடும்போது, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஒருவர் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த விவகாரம் பேச்சில் வந்தது. “நான் அங்கே இருந்திருந்தா அந்த ஆளை அங்கேயே அடிச்சுப் போட்டிருப்பேன்” என்றார் என் கணவர். “பார்த்தவரும் ஆறடிக்கு மேல உயரம்ப்பா, ஃபுட்பால் ஆடினவர். அவராலயே முடியலையே” என்றான் மகன். அப்புறம் யாருக்கும் பேச்சு எழவில்லை. பார்த்தவர்கள் ஏன் தடுக்கவில்லை? என் பிள்ளை கண்ணில் அப்படி ஏதாவது பட்டால் என்ன செய்யச் சொல்லட்டும்?

– வாசகி, பென்சில்வேனியா

பதில்: உங்கள் மகன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். அவன் சொன்ன அந்த ஆறடி மனிதரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2001 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில், மைக் மெக்குவீரி புது ஷூவை லாக்கரில் வைப்பதற்காகப் பென் ஸ்டேட் கால்பந்து அணியின் கட்டடத்துக்குப் போனார். ஒரு காலத்தில் அதே அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை முன்னின்று நடத்தும் வீரர். அப்போது பயிற்சியாளர் குழுவில் கீழ்ப்படியில் இருந்த முதுகலை மாணவ உதவியாளர். ஷவர் பக்கமிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையனிடம் பாலியல் வன்செயலில் ஈடுபட்டிருப்பதைக் கண்டதாகப் பின்னாளில் சாட்சியம் சொன்னார். லாக்கர் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். மறுபடி பார்த்தபோது இருவரும் விலகி நின்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தார். உடனே கிளம்பி வீட்டுக்கு வரச் சொன்னார் அப்பா.

பையன் அங்கேயே, அந்த ஆளுடனேயே விடப்பட்டான்.

2011 நவம்பர் 5 அன்று சாண்டஸ்கி கைதானபோது நாடு கொதித்தது. நான்கு நாளில், 46 வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டர்னோவைப் பல்கலைக்கழக அறங்காவலர்கள் போனிலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் பதவியிழந்தார். அன்றிரவு மாணவர்கள் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி வேன் ஒன்றைக் கவிழ்த்தார்கள். அந்தக் கோபம் கோச்சை நீக்கியதற்காக; பையன்களுக்கு நடந்ததற்காக இல்லை! வெளியே இருந்தவர்களின் கோபமோ மெக்குவீரி மேல் திரும்பியது. நாலு எட்டு எடுத்து வைத்து அந்தப் பையனை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாமா என்று கேட்காதவர் இல்லை. கேள்வி நியாயமானது. கேட்பவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கைதான் நியாயமில்லாதது.

இதற்குப் ‘பார்வையாளர் விளைவு’ என்று ஒரு பெயரைத் தூக்கிப் போடுவது வழக்கம்: ஆள் கூடக் கூட, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிவிடுவது. 1968-இல் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், இன்டர்காமில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். கேட்பவர் தான் மட்டுமே இருப்பதாக நினைத்தபோது 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தபோது அது 31 சதவீதமாக இறங்கியது. அதற்காக மனிதர்களே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்திருந்தார்.

என் கணிப்பில், அந்த விளக்கம் பென் ஸ்டேட்டுக்குப் பாதிதான் பொருந்தும். ஷவர் அறையில் மெக்குவீரி தனியாகத்தான் நின்றார். பொறுப்பைப் பங்கு போட அங்கே வேறு ஆள் கிடையாது. அவர் கண்டது முகம் தெரியாத ஒருவரை அல்ல. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய பெரிய மனிதர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1977-இல் ‘செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தையே தொடங்கியவர். கண் பார்த்ததை மனம் ஒப்புக்கொள்ளவே சில நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகளில் கால் அசையாது. கோழைத்தனம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. முன்கூட்டியே ஒரு வாக்கியம் நாக்கில் இருந்தால்தான் வாயாவது அசையும்.

இன்னொன்று பிழைப்பு. அதற்கு முந்தைய வருடம், 2000-இல், அதே கட்டடத்தில் ஒரு தற்காலிகத் துப்புரவுப் பணியாளர் இதே மாதிரிக் காட்சியைப் பார்த்து நடுங்கிப்போய்ச் சக பணியாளர்களிடம் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அத்தனை பேரும் அதை அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

பொறுப்பு பங்கு போடப்பட்டது அடுத்த நாளிலிருந்து. சனிக்கிழமை காலை மெக்குவீரி பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். வார இறுதியைக் கெடுக்க வேண்டாம் என்று பட்டர்னோ ஒரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைதான் விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். கர்லி, துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸிடம் கொண்டுபோனார். இருவரும் மெக்குவீரியைக் கூப்பிட்டு விசாரிக்க ஒன்பது, பத்து நாள் ஆயிற்று. பல்கலைக்கழகப் போலீஸ் ஷுல்ட்ஸின் பொறுப்பில் இருந்தது. அவரிடம் சொன்னால் போலீஸிடம் சொன்ன மாதிரிதான் என்று மெக்குவீரி நம்பினார்.

வழியில் வார்த்தைக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். வயதில் பெரியவர் முன்னால் கொச்சையாகப் பேசக்கூடாது என்ற மரியாதையில், பட்டர்னோவிடம் மெக்குவீரி முழு விவரத்தையும் விண்டு சொல்லவில்லை. ‘பாலியல் தன்மையுள்ள ஏதோ’ என்று கேட்டதாகப் பட்டர்னோ சாட்சியம் சொன்னார். கர்லியின் கணக்கில் அது விளையாட்டாகக் கட்டிப் புரண்டது. ஸ்பேனியர் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெறும் ‘விளையாட்டுத்தனம்’. குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிப்பதாக முதலில் போட்ட திட்டத்தை, பட்டர்னோவிடம் பேசிய பிறகு கர்லி மாற்றினார். சாண்டஸ்கியிடமே முதலில் பேசிப் பார்க்கலாம் என்றார். பிப்ரவரி 27 அன்று ஸ்பேனியர் அதற்குச் சம்மதித்து மின்னஞ்சல் எழுதினார். சொல்வதைச் சாண்டஸ்கி காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டால்தான் பிரச்சினை, அப்போது புகார் செய்யாததற்காக நாம் மாட்டிக்கொள்வோம் என்ற பொருளில் அதிலேயே ஒரு வரி வருகிறது. கடைசியில், பையன்களை வளாகத்துக்குக் கூட்டி வராதே என்று சாண்டஸ்கியிடம் சொன்னார்கள். செகண்ட் மைல் நிர்வாகியிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார்கள். அந்தப் பையன் யார், எப்படி இருக்கிறான் என்று ஒருவரும் தேடவில்லை. சாண்டஸ்கியின் வேட்டை இன்னும் பல வருடம் தொடர்ந்தது.

2008-இல் வேறொரு பையன் பள்ளியில் வாய் திறந்து, அவன் தாய் விடாப்பிடியாக நின்றதால் விஷயம் மாவட்டக் குழந்தைகள் நலத்துறைக்குப் போனது. அதாவது, அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்படாத ஓர் அலுவலகத்துக்கு. வழக்கு உருப்பெற்றது அங்கிருந்துதான். 2012 ஜூனில் 48 குற்றச்சாட்டுகளில் 45-இல் சாண்டஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பாகி, 30 முதல் 60 வருடச் சிறை கிடைத்தது. கர்லியும் ஷுல்ட்ஸும் 2017-இல் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியருக்கு எதிராக ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து 2021-இல் சுமார் இரண்டு மாதம் சிறையில் இருந்தார்.

பொதுவாக யாரும் கவனிக்காத ஒரு விஷயம்: அன்றைய பென்சில்வேனியா சட்டமே ‘மேலே சொல்லு’ என்றுதான் இருந்தது. ஊழியர் தன் நிறுவனப் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும். அரசுக்குத் தெரிவிப்பது பொறுப்பாளர் பாடு. 2014-இல் இது திருத்தப்பட்டு, அந்த வருடக் கடைசி நாளிலிருந்து நடப்பில் இருக்கிறது. இப்போது பார்த்தவரோ சந்தேகப்பட்டவரோ தானே நேரடியாக, குழந்தைத் துன்புறுத்தல் புகார்களை வாங்கும் அரசின் சைல்ட்லைனுக்குத் தெரிவிக்க வேண்டும். பொறுப்பாளரிடம் சொல்வது அதற்குப் பிறகு. கால அட்டவணை போட்டு நடத்தும் ஒரு நிகழ்ச்சியில் குழந்தைகளுடன் நேரடித் தொடர்பில் வேலை செய்யும் பெரியவர் எல்லோரும், சம்பளம் உண்டோ இல்லையோ, இந்தச் சட்டத்தில் கட்டாயம் புகார் செய்ய வேண்டியவர்கள். 19 வயது முகாம் உதவியாளரும் அதில் அடக்கம். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அது குற்றம். சிறை வரை போகலாம்.

இனி உங்கள் மகன் செய்ய வேண்டியது. தவறு கண் முன்னால் நடந்துகொண்டிருந்தால் முதல் ஆயுதம் குரல். அடிதடி தேவையில்லை, அடிக்கப் போனால் கவனம் எல்லாம் சண்டைக்குப் போய்ப் பையன் மறந்துபோவான். “இங்கே என்ன நடக்குது? தம்பி, நீ என்கூட வா” என்ற அளவில் சத்தமாக ஒரு வாக்கியம், அவன் அங்கே பேசும் மொழியில். முதல் பாதி பெரியவரை நிறுத்துவதற்கு. இரண்டாம் பாதிதான் முக்கியம், அது பையனுக்கு. விளக்கைப் போடலாம், கதவை அகலத் திறக்கலாம், பையன் கண்ணில் படுகிற மாதிரி நிற்கலாம். அந்த ஆள் காரணம் சொல்ல ஆரம்பித்தால் நின்று கேட்கக்கூடாது. பையனோடு வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற இடத்துக்கு வந்து 911-ஐ அழைக்க வேண்டும். நெருங்கவே பயமாக இருந்தால் தூரத்தில் நின்று கத்தலாம், தீயணைப்பு அலாரத்தைக்கூட இழுக்கலாம். அதுவும் தலையிடுவதுதான். 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டில், நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணைப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் ஒருவர் வன்கொடுமை செய்தபோது, சைக்கிளில் போன இரண்டு வெளிநாட்டு மாணவர்கள் செய்ததும் முதலில் இவ்வளவுதான்: நிறுத்தினார்கள், என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். அவன் ஓடினான், துரத்திப் பிடித்துப் போலீஸ் வரும்வரை விடவில்லை. அவர்கள் இரண்டு பேர் என்பதையும், அந்த ஆள் அவர்களுக்குக் கோச்சோ மேலதிகாரியோ இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பையனிடம் பெயரைக் கேட்கலாம், அடிபட்டிருக்கிறதா என்று கேட்கலாம். அதற்கு மேல் துருவக்கூடாது. “அவர் உன்னை இப்படித் தொட்டாரா, அப்படிச் செய்தாரா” என்று வாயில் வார்த்தையைப் போட்டுக் கொடுத்தால், பின்னால் நீதிமன்றத்தில் பிள்ளையின் வாக்குமூலமே ஆட்டம் காணும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் விசாரிப்பார்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்து கொடுக்கக்கூடாது. குளிப்பாட்டவோ துணியைத் துவைக்கவோ கூடாது. போனில் படமும் எடுக்கக்கூடாது; பிள்ளையின் அப்படியான படத்தை வைத்திருப்பதே தனிக் குற்றமாகிவிடும்.

அடுத்து சைல்ட்லைன்: 1-800-932-0313, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். போனில் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் சிஒய்-47 என்ற படிவத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இணையவழியிலேயே புகார் செய்தால் அதுவே எழுத்துப் புகார். பிள்ளையின் பெயர், வயது, சந்தேகத்துக்குரியவர் யார், எங்கே, எப்போது, என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் தெரியாவிட்டாலும் அழைக்கலாம். நிரூபிக்கும் பாரம் அவன் தலையில் இல்லை. சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் போதும். ‘முதலில் நிச்சயமாகத் தெரியட்டும்’ என்று காத்திருந்து கெட்டுப்போன புகார்கள் ஏராளம்.

பார்த்ததை அன்றிரவே எழுதி வைக்க வேண்டும்: நேரம், இடம், யார் எங்கே நின்றார்கள், உடலில் எது எதைத் தொட்டது, காதில் விழுந்த வார்த்தைகள் அப்படி அப்படியே. ‘தகாத முறையில்’, ‘ஒரு மாதிரியாக’ போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் இடம் கொடுக்கக்கூடாது. தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இங்கேதான் நாக்கு புரளாது. ‘தப்பா நடந்துக்கிட்டார்’ என்பதைத் தாண்டி நம் வீடுகளில் யாரும் பேசிப் பழக்கமில்லை. உடல் உறுப்புகளின் பெயரையே விழுங்கி விழுங்கிச் சொல்கிறோம். பட்டர்னோ வீட்டில் மெக்குவீரி காட்டிய அந்த மரியாதை நம்மிடம் இன்னும் பத்து மடங்கு. வெட்கத்தில் வழுக்கிய ஒரு வார்த்தை, மூன்று மேஜை தாண்டினால் ‘விளையாட்டுத்தனம்’ ஆகிவிடும். தாளின் பிரதி ஒன்று அவன் கையில் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம்.

இதற்குப் பிறகே முகாம் பொறுப்பாளர். “சைல்ட்லைனில் புகார் செய்துவிட்டேன், உங்களுக்கும் தெரிவிக்கிறேன்” என்று சொன்னால் போதும். வரிசை தலைகீழானால் என்ன ஆகும்? “அவசரப்படாதே, நாங்கள் விசாரிக்கிறோம்” என்பார் பொறுப்பாளர். பத்தொன்பது வயதில் அதை மீறிப் போன் எடுப்பது லேசான காரியமில்லை. முதலிலேயே புகார் செய்துவிட்டால் மீற வேண்டிய கட்டளையே எழாது.

ஆனால் ஷவர் அறைக் காட்சி மாதிரி வெட்டவெளிச்சமாக எதையும் அநேகமாக அவன் பார்க்கப் போவதில்லை. கண்ணில் படுவது சின்னச் சின்ன விஷயங்கள்: ஒரே பையனுக்கு மட்டும் பரிசு, தனியாகக் காரில் கொண்டுபோய் விடுவது, இரவில் குறுஞ்செய்தி, எல்லோரும் போன பிறகு ‘கூடுதல் பயிற்சி’. சாண்டஸ்கியும் பையன்களைப் பரிசு, பயணம், மைதானத்தில் அணியோடு நிற்கும் வாய்ப்பு என்று கொடுத்துத்தான் வளைத்தார். 1998-இலேயே ஒரு தாய், மகன் தலை ஈரமாக வீட்டுக்கு வந்ததைக் கவனித்துக் கேட்டு, சாண்டஸ்கியோடு ஷவரில் குளித்தான் என்று தெரிந்ததும் பல்கலைக்கழகப் போலீஸுக்குப் போன் செய்தார். விசாரணை நடந்தது, அரசு வழக்கறிஞர் வழக்குப் போடவில்லை.

இதற்கு விதிகள் கைகொடுக்கும். பெரியவரும் சிறுவரும் இருக்கும் எந்தச் சந்திப்பும் பிறர் கண்ணில் படும் இடத்தில், யாரும் எந்த நேரமும் உள்ளே வரக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுவருக்கு அனுப்பும் செய்தி பெற்றோருக்கும் போக வேண்டும். ஒலிம்பிக் சார்ந்த விளையாட்டுகளுக்கு சேஃப்ஸ்போர்ட் மையம் வகுத்திருப்பது இதைத்தான். முகாமில் இப்படி எழுத்தில் விதி இருக்கிறதா என்று சேரும் முன்பே மகன் கேட்கட்டும். விதி இருந்தால் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று அவன் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. “கோச், கதவு மூடியிருக்கு, திறந்து வைக்கிறேன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திறக்கலாம். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒரு குரல் உங்களுக்குள்ளேயே எழும். வேலை, படிப்பு, விசா என்று அதற்கு நூறு காரணம் கிடைக்கும். நல்லெண்ணத்தில் செய்த புகாருக்காக யாரும் அவன் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாதபடி சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. புகார் செய்ததற்காக வேலையில் பழிவாங்கினால் அவன் வழக்குப் போடலாம். பெயரைப் பொதுவாக ரகசியமாகவே வைப்பார்கள். புகார் செய்வது எந்த விசா விதிக்கும் விரோதமில்லை. பழிவாங்கலே நடக்காது என்று சொல்ல மாட்டேன். மெக்குவீரி வேலையிழந்தார். பிறகு பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார். 2016-இல் ஜூரியும் நீதிபதியுமாக விதித்த இழப்பீடு சுமார் 1.2 கோடி டாலர்.

பாதிக்கப்படுபவர் 18 வயது தாண்டிய விளையாட்டு வீரராக இருந்தால் வழி கொஞ்சம் மாறும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சிகிச்சை என்ற பெயரில் பாலியல் கொடுமை செய்த மருத்துவர் லாரி நாசரிடம் சிக்கியவர்களில் சிறுமிகளும் உண்டு, கல்லூரி வீராங்கனைகளும் உண்டு. 1997-இலேயே பயிற்சியாளர் காதுக்கு ஒரு புகார் போயிருந்தது. நாசருக்குத் தண்டனை கிடைத்தது இருபது வருடம் கழித்து. ஆபத்து நேரத்தில் 911 யாருக்கும் பொது. மற்றபடி வயது வந்தவர் விஷயத்தில் அடுத்த அடியை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். கூட நில்லுங்கள், பல்கலைக்கழகத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கவனிக்கும் டைட்டில் ஒன்பது அலுவலருக்கு வழி காட்டுங்கள்.

முகாமுக்கு முன் மூன்று வேலை. மாநிலப் போலீஸ் சான்று, குழந்தைத் துன்புறுத்தல் பதிவு இல்லை என்ற சான்று, எஃப்பிஐ கைரேகைச் சான்று மூன்றுக்கும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் இங்கேயே வசித்தவர்களுக்கு உள்ள கைரேகை விலக்கு சம்பளமில்லாத தொண்டர்களுக்குத்தான்; அவனுக்குக் கிடைக்காது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் மூன்று மணி நேரப் பயிற்சியை அவனோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். சைல்ட்லைன் எண்ணை அவன் போனில் பதிந்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தைச் சமையலறையில் நின்று நாலு முறை உரக்கச் சொல்ல வையுங்கள். சிரிப்பான். சிரித்துக்கொண்டே சொல்லட்டும்.

இன்னொன்று உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். அப்படி ஏதாவது பார்த்தால் அவன் முதலில் போன் செய்யப் போவது சைல்ட்லைனுக்கு இல்லை, உங்களுக்குத்தான். மெக்குவீரியும் அப்பாவைத்தான் அழைத்தார். குரல் நடுங்கும் பிள்ளையிடம் எந்தத் தாய்க்கும் “நீ முதல்ல வீட்டுக்கு வாடா” என்றுதான் வரும். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, “அந்தக் குழந்தை இப்போ எங்கே இருக்கு?” தனியாக அந்த ஆளோடுதான் இருக்கிறது என்றால், லைனைத் துண்டிக்காமல் அவனைத் திரும்பி உள்ளே போகச் சொல்லுங்கள். இன்னொரு போனில் உங்கள் கணவர் 911-ஐ அழைக்கட்டும்.